சீசன் குறிப்புகள்: ஸ்கோர் சொல்லாத கணக்கு

ஆகஸ்ட் 9, 2025

நம் கால்பந்து அணியின் சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்கள் முடிந்தன. நாலு கோல் போட்டதைப் பார்த்து "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று ஒரு கூட்டம். கடைசி ஆட்டத்தில் தோற்றதைப் பார்த்து "கோச்சுக்கு ஒண்ணும் தெரியல" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சுக்கும் அடிப்படை இல்லை. நட்பு ஆட்டத்தில் இடைவேளையோடு பாதிக்கு மேற்பட்டவர்களை மாற்றிவிடுவார்கள். கடும் உடற்பயிற்சி வாரத்தின் நடுவில், கால் கனத்த நிலையில் ஆடுகிறவர்களும் உண்டு. அந்த ஸ்கோரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் கோச் எந்தப் பக்கம் யோசிக்கிறார் என்பது இந்த ஆட்டங்களில்தான் நன்றாகத் தெரியும். முதலில் கோல் கிக், அதாவது எதிரணி தொட்டு கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை நாம் உதைத்து மறுபடி ஆட்டத்தைத் தொடங்குவது. 2019-இல் விதி மாறியபின் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டி வெளியே வரவேண்டியதில்லை. கீப்பர் பக்கத்தில் நிற்கும் சென்டர் பேக்குக்கே (நடுவில் தடுப்பவருக்கே) தட்டிவிடலாம். எதிரணி மட்டும் உதைக்கும்வரை பகுதிக்கு வெளியே நிற்க வேண்டும். நம் சென்டர் பேக்குகள் கீப்பருக்கு இருபுறமும் இறங்கி நிற்கிறார்களா, எல்லோரும் மேலே போய்விட்டு நீளமாக உதைக்கச் சொல்கிறார்களா? அடுத்தது, பந்து பறிபோனதும் வரும் முதல் ஐந்து நொடி: பக்கத்தில் இருக்கும் மூன்று பேர் பாய்கிறார்களா, பின்வாங்கி வரிசை கட்டுகிறார்களா? மூன்றாவது, நாம் தாக்கும்போது ஃபுல்பேக்குகள் (ஓரத்தில் தடுப்பவர்கள்) எங்கே நிற்கிறார்கள். இந்த மூன்றும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரே மாதிரி வந்தால் கோச்சிடம் ஒரு திட்டம் இருக்கிறது. அது நல்ல திட்டமா என்பது செப்டம்பரில் தெரியும்.

ஆகஸ்ட் 25, 2025

ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுவதற்கு முன் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து கட்டம் போதும்: நிமிடம், யாருடைய ஷாட், எங்கிருந்து, காலா தலையா, அந்த வாய்ப்பு எப்படிப் பிறந்தது. கடைசிக் கட்டம்தான் உயிர். "நம் த்ரோவில் பந்தை இழந்தோம்", "இடது பக்கம் ஃபுல்பேக்குக்குப் பின்னால் பாஸ்", "கார்னரின் (மூலை உதையின்) இரண்டாவது பந்து" என்று நாலு சொல்லில் எழுதினால் போதும். ஆறு ஆட்டம் சேர்ந்ததும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும்.

எக்ஸ்ஜி (எதிர்பார்க்கப்படும் கோல்) என்ற எண்ணை இப்போது எல்லோரும் நீட்டுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண்ணாகச் சொல்வதுதான் அது. பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை கொடுப்பார்கள். பொதுவாக ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒரு கோல். ஆக, பகுதிக்கு வெளியிலிருந்து ஷாட்டுக்கு 0.03 வீதம் பன்னிரண்டு முறை அடித்தாலும் கூட்டினால் 0.36தான். கோலுக்கு முன்னால் 0.4 வாய்ப்பு இரண்டு வந்தாலே 0.8 ஆகிவிடும். "பன்னிரண்டு ஷாட் அடிச்சோம், அதிர்ஷ்டம் இல்ல" என்று சொல்லும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணிலும் ஓட்டை உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி தானாகப் பின்வாங்கும். தோற்கும் அணிக்கு ஷாட் சேரும். அதனால் முதல் கோல் வரைக்குமான கணக்கைத் தனியாக எடுங்கள். பெனால்டியைக் கழித்துவிடுங்கள். சிவப்பு அட்டைக்குப் பின் நடந்ததைச் சேர்க்காதீர்கள்.

செப்டம்பர் 15, 2025

இந்த வாரம் முழுக்க ஒரே கேள்வி: பிரஸ்ஸிங், அதாவது எதிரணியை அவர்கள் பக்கத்திலேயே நெருக்கிப் பந்தைப் பறிப்பது, ஏன் உடைகிறது? "ஓட மாட்டேங்கிறாங்க" என்பதுதான் எல்லோருடைய பதிலும். ஓட்டம் குறைவதால் உடைவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியில். பத்தாவது நிமிடத்திலேயே உடைகிறதென்றால் காரணம் வேறு.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதிரணியின் வலது சென்டர் பேக்கிடம் பந்து. நம் ஸ்ட்ரைக்கர் (முன்னால் நின்று கோல் போடுகிறவர்) அவரை நோக்கி ஓடுகிறார். நேராக ஓடினால் வீண். பந்து இடது சென்டர் பேக்குக்குப் போய்விடும், நாலு பேர் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். நல்ல ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடுவார். தன் உடம்பாலேயே மற்ற சென்டர் பேக்குக்கான வழியை அடைத்துக்கொண்டு வருவார். இப்போது பந்து போகக்கூடிய இடம் ஓரத்தில் நிற்கும் ஃபுல்பேக் மட்டுமே. அந்த பாஸ் கிளம்பும் கணத்திலேயே நம் விங்கர் (ஓரத்தில் தாக்குகிறவர்) கிளம்பியிருக்க வேண்டும். பந்து போய்ச் சேர்ந்தபின் கிளம்பினால் ஃபுல்பேக் திரும்பி முன்னால் பார்த்துவிடுவார், அதோடு கதை முடிந்தது. பந்து வாங்கும் ஃபுல்பேக்கின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்: தன் கோலைப் பார்த்து நின்றால் பிரஸ் வேலை செய்கிறது, நம் கோலைப் பார்த்து நின்றால் வேலை செய்யவில்லை.

அடுத்த இடம்தான் நம் அணி கோட்டை விடுவது. விங்கர் பாய்ந்தார், ஸ்ட்ரைக்கர் பாய்ந்தார், நடுவில் இருப்பவர் மட்டும் தயங்குகிறார். காரணம், அவருக்குப் பின்னால் டிஃபென்ஸ் வரிசை மேலே ஏறி வரவில்லை. அவர் போனால் முதுகுக்குப் பின்னால் இருபது மீட்டர் வெற்றிடம். அவர் தயங்குவது சரிதான்! ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி டிஃபெண்டருக்கும் நடுவே முப்பது முப்பத்தைந்து மீட்டருக்குள் அணி சுருங்கியிருந்தால்தான் பிரஸ் நிற்கும். 105 மீட்டர் மைதானத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அந்த இடைவெளி ஐம்பது மீட்டராக விரிந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் பயனில்லை.

டிஃபென்ஸ் ஏன் ஏறவில்லை? சென்டர் பேக்குகளுக்கு வேகம் போதாது, பின்னால் பந்து விழுமோ என்று பயம். இல்லையென்றால் கீப்பர் பகுதியை விட்டு வெளியே வந்து, பின்னால் விழும் பந்தை அகற்றுகிறவர் இல்லை. திட்டம் போட்டவர் கோச். அதற்கேற்ற ஆட்கள் இல்லையென்று தெரிந்தும் மாற்றாவிட்டால் பழி அவருக்குத்தான். ஆட்கள் இருந்தும் ஒருவர் மட்டும் தாமதமாகக் கிளம்பினால் பழி அந்த ஆட்டக்காரருக்கு. டிவி திரையில் முழு வரிசையும் தெரிவது அபூர்வம், அதனால் கோல் கிக் நேரத்தில் காட்டும் அகலமான காட்சியைத் தவறவிடாதீர்கள்.

அக்டோபர் 6, 2025

"கோச்சைத் தூக்கு" சீசன் வழக்கம்போல் அக்டோபரில் ஆரம்பித்துவிட்டது. எதிர்த்தரப்பு சொல்வது "நேரம் கொடுங்க". எவ்வளவு நேரம், எதைப் பார்த்து என்று இருவரும் சொல்வதில்லை.

ஜெர்மனியின் லெவர்குசன் அணியை நினைத்துப் பாருங்கள். 2022 அக்டோபரில் எட்டு ஆட்டங்களில் ஐந்து புள்ளியோடு கீழிருந்து இரண்டாவது இடம். புதுக் கோச்சாக ஷாபி அலோன்சோ வந்தார். முதல் ஆட்டத்தில் ஷால்கேவை 4-0 என்று வென்றார்கள். சில நாட்களிலேயே போர்ட்டோவிடம் 0-3, ஃபிராங்ஃபர்ட்டிடம் 1-5. அந்த வாரம் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் நம்மில் பலர் என்ன சொல்லியிருப்போம்? அந்த சீசனை ஆறாவது இடத்தில் முடித்து, 2023-24-இல் 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 டிரா, ஒரு தோல்வி இல்லாமல் 90 புள்ளியோடு முதன்முறையாக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவை வென்றார்கள்.

இதைக் காட்டி எல்லாக் கோச்சுக்கும் இரண்டு வருஷம் கொடுக்கச் சொல்லவில்லை. லெவர்குசனே முந்தைய கோச்சை நீக்கித்தான் இவரைக் கொண்டுவந்தது. புதுக் கோச் வந்ததும் வெற்றி வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐந்தாறு தோல்வி அடுக்கடுக்காக வரும்போது அதில் கெட்ட நேரமும் கலந்திருக்கும்: காயங்கள், வலுவான எதிரணிகள், கம்பத்தில் பட்ட பந்துகள். யார் வந்தாலும் அந்தப் பங்கு கொஞ்சம் தானாகச் சரியாகும்.

நீக்க வேண்டுமா என்று முடிவு செய்ய என் கேள்விகள் இவை. கோல்கள் ஒரே வகையில் விழுந்துகொண்டே இருக்கின்றனவா? கோச் அதைச் சரிசெய்ய ஏதாவது மாற்றிப் பார்த்தாரா? இளம் ஆட்டக்காரர்களில் ஒருவராவது ஆகஸ்டில் இருந்ததைவிடத் தேறியிருக்கிறாரா? மூன்றுக்கும் பதில் தவறான பக்கம் விழுந்தால் ஸ்கோர் நன்றாக இருந்தாலும் நான் கவலைப்படுவேன்.

அக்டோபர் 27, 2025

"பந்து 65 சதவீதம் நம்மகிட்ட இருந்துச்சு" என்பது வாதமே இல்லை. 2015-16-இல் பந்தை மிகக் குறைவாக வைத்திருந்த அணிகளில் ஒன்றான லெஸ்டர் 81 புள்ளியோடு இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை வென்றது. அந்த அணி முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட கோல் வாங்காமல் முடிக்கவில்லை. மொத்த சீசனில் வாங்கியதோ 36தான். டிஃபென்ஸ் நடுவழியில் சரிசெய்யக்கூடிய ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 17, 2025

மறுபடி கார்னரில் கோல். மறுபடி "மேன் மார்க்கிங் போடுங்கடா" (ஆளுக்கு ஆள் காவல்) கூச்சல்.

நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல்தான் விழும். அதற்கு மேல் நமக்கு விழுகிறதென்றால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலான அணிகள் இன்று கலப்புமுறைதான்: நாலைந்து பேர் கோலுக்கு நேர் முன்னுள்ள சிறு பகுதிக் கோட்டில் இடத்தைக் காப்பார்கள், மூன்று பேர் எதிரணியின் உயரமானவர்களை உரசித் தடுப்பார்கள், ஒருவர் முன்கம்பத்தருகே, ஒருவர் பகுதி விளிம்பில். கோல் விழுந்ததும் யார் தலையில் முட்டினார் என்று பார்ப்பதைவிட, பந்து உதைக்கப்படும் கணத்தில் காட்சியை நிறுத்துங்கள். அவரைத் தடுக்க வேண்டியவர் எங்கே? நூற்றுக்கு எண்பது நேரம் என்று எண்ணிச் சொல்ல மாட்டேன், ஆனால் அடிக்கடி காண்பது இது: எதிரணியின் இன்னொரு ஆள் குறுக்கே வந்து நின்று அவரை நகரவிடாமல் செய்திருப்பார். மேன் மார்க்கிங் போட்டால் இந்தத் தடுப்பு இன்னும் சுலபம். இடத்தைக் காப்பவர்களின் பலவீனம் வேறு. அவர்கள் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறார்கள், தாக்குகிறவர் ஓடிவந்து குதிக்கிறார். அந்த ஓட்டத்தை உரசி மெதுவாக்குவதுதான் மூன்று பேரின் வேலை. பந்தை அவர்கள் பார்க்கக்கூடத் தேவையில்லை.

இன்னொன்று, பந்தை முதலில் வெளியேற்றியபின் மறுபடி உள்ளே வரும் பந்து. நம் வரிசை வெளியே ஓடும்போது ஒருவர் மட்டும் பின்தங்கினால் எதிரணியினர் எல்லாரையும் ஆன்சைடாக்கிவிடுவார், அவர்கள்மேல் ஆஃப்சைடு கேட்க முடியாது. நம் தாளில் இது பலமுறை வந்திருக்கிறது.

நீள த்ரோவையும் கார்னர் போலவே தயார் செய்ய வேண்டும். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. கையால் எறிவது மெதுவாக வருவதால் கீப்பர் கூட்டத்துக்குள் சிக்கிக்கொள்வார், குத்தும் பந்தும் தூரம் போகாது. போதாததற்கு 2025-26 சீசனிலிருந்து கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்னிலையில் இருக்கும்போது நேரம் கடத்தும் பழைய பழக்கம் இனி நமக்கே ஆபத்து.

டிசம்பர் 8, 2025

மாற்று ஆட்டக்காரர்கள் பற்றி. ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் இடைவேளையைத் தவிர்த்து மூன்று தடவைக்குள். ஒரு காயத்துக்காக இருபதாம் நிமிடத்தில் ஒரு வாய்ப்பு செலவானால் மீதி இரண்டு. "ஏன் எழுபதாவது நிமிஷத்துல ஒரே நேரத்துல மூணு பேர்?" என்பதற்குப் பதில் பெரும்பாலும் இதுதான். கோச்சைக் கேட்க வேண்டியது வேறு: மஞ்சள் அட்டை வாங்கிய ஃபுல்பேக், வேகமான விங்கருக்கு எதிரே இடைவேளைக்குப் பின்னும் ஏன் நின்றார்?

டிசம்பர் 29, 2025

மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம். தொடைப் பின்தசைக் காயம் இந்த மாதத்தில் கூடும், அது எந்த அணிக்கும் நடப்பது. ஒரே பதினொன்றை நாலாவது முறையும் இறக்குவதை மட்டும் மன்னிக்க முடியாது.

ஜனவரி 19, 2026

ஸ்ட்ரைக்கர் வேண்டும் என்று கத்துகிறோம். நம் தாள் சொல்வது வேறு: நமக்குத் தேவை இடதுகால் சென்டர் பேக். இடது பக்கம் நிற்கும் வலதுகால்காரர் பந்தை வாங்கியதும் உள்பக்கம் திருப்புகிறார். பந்து நடுவில் வருகிறது, எதிரணி அங்கேதான் காத்திருக்கிறது. இடதுகால்காரரால் முதல் தொடுதலிலேயே ஓரத்துக்குத் திறந்து, விங்கரின் முன்கால் பக்கம் பாஸ் போட முடியும். ஸ்ட்ரைக்கருக்குப் பந்து போய்ச் சேராத இடத்தில் இன்னொரு ஸ்ட்ரைக்கரை நிறுத்தி என்ன செய்ய?

மார்ச் 2, 2026

கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்புவோமா என்ற நம்பிக்கைக் கணக்கு. "நாற்பது புள்ளி எடுத்தா தப்பிச்சோம்" என்பது உறுதி அல்ல. இங்கிலாந்தின் 38 ஆட்ட லீக்கில் 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளியோடு இறங்கியது. 2004-05-இல் வெஸ்ட் பிராம் 34 புள்ளியோடு தங்கியது. எல்லை மற்றவர்களைப் பொறுத்து நகரும். அதனால் நமக்கு மேலே இருக்கும் இரண்டு அணி, கீழே இருக்கும் இரண்டு அணி ஆகியவற்றின் மிச்ச ஆட்டங்களையும் எழுதுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெற்றி தோல்வி என்று போடாமல், சொந்த மைதானத்தில் சம பலமுள்ள அணிக்கு 1.6 புள்ளி, வலுவான அணியிடம் அவர்கள் மைதானத்தில் 0.6 என்று உத்தேசமாகப் போட்டுக் கூட்டுங்கள். இந்த எண்கள் என் மதிப்பீடுதான்; உங்கள் அணிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். கூட்டுத்தொகையைவிட, நேருக்கு நேர் மோதும் ஆட்டங்கள் எத்தனை மிச்சம் என்பதுதான் முக்கியம். அங்கே ஜெயித்தால் நமக்கு மூன்று, அவர்களுக்குச் சுழியம்.

ஏப்ரல் 13, 2026

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் யார் மேலே என்ற சமநிலை விதியை இப்போதே படித்துவிடுங்கள். இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் (போட்டதில் வாங்கியதைக் கழித்தது) முதலில். ஸ்பெயினில் இரண்டு அணிகள் மோதிக்கொண்ட ஆட்டங்களின் முடிவு முதலில். 2011-12-இல் மான்செஸ்டரின் இரு அணிகளும் 89 புள்ளி. சிட்டி +64, யுனைடெட் +56, கப் சிட்டிக்கு. கோல் வித்தியாச லீக்கில் 3-0 முன்னிலையில் ஆட்டத்தை உறங்கவிடுவது தப்பு, 0-3 பின்தங்கியபின் கண்மூடித்தனமாகத் தாக்கி ஐந்து வாங்குவது அதைவிடத் தப்பு. மோதல் முடிவு பார்க்கும் லீக்கிலோ, முதல் சுற்றில் 1-2 என்று தோற்ற அணியை இரண்டாவதில் 1-0 என்று வென்றால் இருவரும் சமம். இன்னொரு கோல் போட்டால்தான் மோதல் கணக்கில் நாம் மேலே. அந்த நிலையில் எண்பதாவது நிமிடத்தில் கோச் டிஃபெண்டரை இறக்கினால், அன்று கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.