காய்ந்த இலையைக் கொளுத்தாதீங்க

மாடியில் கத்தரி இந்த முறை கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. "என்ன உரம் போடுறீங்கக்கா?" என்கிறான் கீழ்வீட்டுத் தம்பி. சமையலறைக் கழிவை மக்கவைத்த உரம்தான்! ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, மேலே கொஞ்சம் புளித்த மோர். இலை குறைந்தால் நாற்றமும் புழுவும் வரும். அதற்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

அரைகுறையாக மக்கியதைப் போட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். நன்றாக மக்கியது கருப்பாக, பொலபொலவென்று, மழை விழுந்த மண் வாசனையோடு இருக்கும். உள்ளே கைவிட்டால் சூடு தெரியக் கூடாது.

அப்புறம், தொட்டி முழுக்க இதையே நிரப்ப வேண்டாம். நாலில் ஒரு பங்கு போதும். மிச்சம் செம்மண்ணும் தேங்காய்நார்த் தூளும். பூவெடுக்கும்போது வேரைச் சுற்றி இரண்டு கைப்பிடி.

தெருவில் இலையைக் கூட்டிக் கொளுத்துகிறார்களா? ஒரு சாக்கோடு போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.