ஆம்பளை மரத்தில் காய்

கிணற்றடியில் தானாக முளைத்த பப்பாளி நீளநீளமாகக் காம்பு தொங்கவிட்டுக் கொத்துக்கொத்தாய்ப் பூத்தது. ஆச்சி பார்த்ததுமே, "இது ஆம்பளை மரம்லா, வெட்டிப் போடுல" என்றாள். பெண் மரம் என்றால் பூ தண்டை ஒட்டியே இருக்கும், உள்ளே பிஞ்சு குண்டாகத் தெரியும். இதில் எல்லாமே ஒல்லிக் குழல் பூக்கள். வெட்ட ஆள் கிடைக்கவில்லை, மரம் தப்பியது.

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு பார்த்தால், அதே காம்புகளின் நுனியில் காய்கள் ஆடுகின்றன! அடுத்த வீட்டு மயினி, காய்க்கட்டும் என்று தான் மரத்தில் கட்டிவிட்ட பழைய வாரியல்தான் (விளக்குமாறு) காரணம் என்கிறார். எதிர்வீட்டு அண்ணாச்சியோ, காய்ப்பதற்காக மரத்தில் ஆணி அடிக்க யோசனை சொன்னது தான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஆணியை நான் அடிக்கவே இல்லை. பாவம், அவரிடம் சொல்லவில்லை.

பப்பாளியில் ஆண், பெண் தவிர, ஒரே பூவில் இரண்டு பாலும் இருக்கும் இருபால் மரமும் உண்டு. ஆண் பூவுக்குள்ளும் சூலகம், அதாவது காயாக வளரும் பகுதி, வளராமல் ஒடுங்கிக் கிடக்கும். குளிர்ச்சி கண்டால் சில மரங்களில் அது வளர்ந்து காயாகிவிடும். இருபால் மரத்தில் கதை தலைகீழ்: வெயில் ஏறினால் சூலகம் சுருங்கி, காய்த்த மரம் வெறும் ஆண் பூவாகப் பூத்து நிற்கும். நம்ம பாளையங்கோட்டை சித்திரை வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்! பெண் மரம் மட்டும் எந்த வெயிலுக்கும் மாறாது.

ஆச்சி கூட்டு வைக்க ரெண்டு காய் பறிக்கச் சொல்கிறாள். நான் பழுக்கட்டும் என்கிறேன். இந்த மாதிரிக் காயைப் பழமாகச் சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இனிக்குமா?