ட்ராப் இருந்தும் அழியாத லாக் ஃபைல்

2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலை பார்த்த எவருக்கும் லோட்ஷெடிங் என்ற திட்டமிட்ட மின்வெட்டின் அட்டவணை மனப்பாடம். எங்கள் உம்லாங்கா அலுவலகத்தில் மின்சாரம் போய் யூபிஎஸ் பேட்டரி இறங்க ஆரம்பித்தால், சர்வர் தானாகவே டாக்கர் கன்டெய்னர்களை, அதாவது நிரல்கள் தனித்தனியாக ஓடும் பெட்டிகளை, நிறுத்திவிடும். முதலில் ‘முடித்துக்கொள்’ என்று சொல்லும் டெர்ம் (SIGTERM) சிக்னல் போகும். பத்து நொடிக்குள் அடங்காவிட்டால் உடனே கொல்லும் கில் (SIGKILL). கில்லை எந்த ஸ்கிரிப்டாலும் பிடிக்க முடியாது.

ஒருமுறை மின்சாரம் திரும்பிய பிறகும் பேக்கப் ஓட மறுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேக்கப் ஓடாமல் தடுக்கும் பழைய லாக் (lock) ஃபைல் அப்படியே கிடந்தது. கூட வேலை பார்க்கும் சாட்ஸ்வொர்த் தம்பி ஸ்கிரிப்டைத் திறந்து காட்டினான்: "ட்ராப் இருக்கே அண்ணா!" சிக்னல் வந்தால் லாக் ஃபைலை அழிக்கச் சொல்லும் வரிதான் ட்ராப் (trap). அது இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

சிக்கல் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லான பேஷின் (bash) குணத்தில். ஒரு கட்டளை முன்னணியில் ஓடும்போது சிக்னல் வந்தால், பேஷ் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுமே தவிர, கட்டளை முடியும்வரை ட்ராப்பைத் தொடாது. டேட்டாபேஸைப் பிரதி எடுக்கும் எங்கள் டம்ப்போ நிமிடக்கணக்கில் ஓடுவது. டாக்கர் டெர்மை முதல் பிராசஸான பேஷுக்கு மட்டும்தான் அனுப்பும். டம்ப்புக்கு விஷயமே தெரியாது. பத்து நொடி கழிந்தது, கில் வந்தது, எல்லாம் சேர்ந்து போயின.

சரி, டம்ப்பைப் பின்னணிக்குத் தள்ளி, அது முடியக் காத்திருக்கும் வெயிட் (wait) கட்டளையைப் போட்டோம். வெயிட்டில் நிற்கும் பேஷ் சிக்னல் வந்த கணமே ட்ராப்புக்குப் போகும். டெர்ம் ட்ராப் டம்ப்பை நிறுத்தி, அது முடியக் காத்திருந்து, 143 என்ற எண்ணோடு வெளியேறும்: 128-உடன் டெர்மின் 15. லாக் ஃபைலை அழித்துச் சுத்தம் செய்யும் வேலை, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் எக்ஸிட் ட்ராப்பில் மட்டும். டேஷ் (dash) என்ற இன்னொரு ஷெல்லில் சிக்னலால் செத்தால் எக்ஸிட் ட்ராப் ஓடாது என்பதால் டெர்முக்கும் தனியாக ஒன்று எழுதிவிடுவது நல்லது.

அந்த 143-ஐ யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வெற்றி என்று பொருள்படும் பூஜ்யத்தோடு வெளியேறினால், பாதியில் நின்ற பேக்கப்பைக் கண்காணிப்புத் திரை பச்சையாகக் காட்டும். எனக்கு லாக் ஃபைலைவிட அந்தப் பச்சைதான் பயம். வழக்கமாக ட்ராப்பை நீக்கிவிட்டுத் தனக்கே அதே சிக்னலை அனுப்பிச் சாவதுதான் முறை. கன்டெய்னரின் முதல் பிராசஸ் என்றால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் 143 என்ற எண்.

லாக்கையும் ஃப்ளாக் (flock) கட்டளைக்கு மாற்றினோம். பிராசஸ்கள் எப்படிச் செத்தாலும் கெர்னலே அதை விடுவித்துவிடும். மின்சாரம் சட்டென்று போனால் ட்ராப் எதுவும் ஓடாது, ஆகவே மிச்சமிருக்கும் தற்காலிக ஃபைல்களை ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே அழிக்கிறது. தம்பி இப்போது மற்ற ஸ்கிரிப்டுகளில் முன்னணியில் தூங்கும் ஸ்லீப் (sleep) கட்டளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.