இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்த பிறகு

பல வருடம் ஆயத்த ஆடைப் பிரிவில் பேட்டர்ன் வெட்டினேன். துணியில் சுருக்கம் தெரிந்தால் பிழை, தையல் இழுத்தால் பிரித்துத் திரும்பத் தை, இப்படியே கை பழகிவிட்டது. அப்புறம் துணியாலேயே சுவர்ச் சிற்பம் செய்யும் சிறிய கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு மீட்டர் காடாத் துணியும் ஊசி நூலும் கொடுத்து, "இதை எழுந்து நிற்க வைங்க" என்றார்கள்.

முதலில் கற்றது லாட்டிஸ் ஸ்மோக்கிங், அதாவது துணியை அங்கங்கே இழுத்துத் தைத்துக் கூடைப் பின்னல் போல மடிப்பு எழுப்பும் முறை. துணியின் பின்பக்கம் 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்துக் கட்டம் போட வேண்டும். ஒரு புள்ளியில் ஓரிரு இழையை மட்டும் ஊசியில் எடுத்து, மூலைவாட்டில் இருக்கும் புள்ளியிலும் அதேபோல எடுத்து, இரண்டையும் ஒட்ட இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அடுத்த புள்ளிக்குப் போகும் நூலை மட்டும் இழுக்கக் கூடாது, துணி தட்டையாகக் கிடக்கும் அளவுக்குத் தளர்வாக விட வேண்டும். எனக்கு அங்கேதான் கஷ்டம், தளர்ந்த நூலைக் கண்டால் கை தானாக இழுத்துவிடும். முதல் துண்டு முழுக்க வீண். அடுத்த துண்டைத் தைத்து முடித்து முன்பக்கம் திருப்பியபோது, கூடை முடைந்த மாதிரி மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நின்றன, அன்று மாலை முழுக்க அதை விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் உருவத்தைக் கொண்டுவருவதைவிட நிலைக்க வைப்பதுதான் பெரிய வேலை. பருத்தியில் கஞ்சி போட்டு நுண்ணிய மடிப்புகளோடு சுவரில் மாட்டும் ஒரு பெரிய பலகம் செய்தோம், ஈரக்காற்று அடித்த சில வாரங்களில் கீழ்ப்பாதி தொய்ந்துவிட்டது. பருத்தி இழை நனைந்தால் மடிப்பைப் பிடித்திருக்கும் பிணைப்புகள் விட்டுப்போகும், அதன் இயல்பு அது. பட்டும் அப்படித்தான். ஆடை வடிவமைப்பாளர் மரியானோ ஃபார்ச்சூனியின் கூடத்தில் 1907 வாக்கில் உருவான, டெல்ஃபாஸ் என்ற நுண்மடிப்புப் பட்டு உடையைக் கயிறுபோல முறுக்கிச் சிறு பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், நனைந்தால் மடிப்பு போய்விடும் என்று அப்போது படித்தேன். எங்கள் பலகம் நினைவுக்கு வந்து மனசு கொஞ்சம் ஆறியது.

பாலியஸ்டர் வேறு ரகம். சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கிற வடிவத்திலேயே இறுகிவிடும். கோலிக்குண்டுகளைத் துணிக்குள் வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு மணி நேரம் நீராவியில் வைத்தோம். பொறுமையில்லாமல் சூடாக இருக்கும்போதே ஒரு மூலையை அவிழ்த்தேன், அந்த மூலை மட்டும் வாடிப்போனது. மற்றதை இரவெல்லாம் ஆறி உலரவிட்டுக் காலையில் அவிழ்த்தால், குண்டு ஒன்றுகூட உள்ளே இல்லை, குமிழ்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன! ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இசே மியாகே, உடையைப் பெரிய அளவில் தைத்துவிட்டு அதற்கப்புறம் சூட்டில் மடிப்பேற்றியதும் பாலியஸ்டரின் இந்தக் குணத்தை நம்பித்தான்.

சரி, இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை மாட்டும்போது விளக்கை நேர் எதிரில் வைத்துவிட்டால் மடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, தட்டைத் துணிதான். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் கிடைக்கும். அதனால் இப்போதெல்லாம் துணி வெட்டும் முன்பே, மாட்டப்போகும் சுவரில் விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுகிறேன்.