இரண்டாகப் பிரிந்த ஆய்வுக் கணக்கு

கொழும்பில் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மருத்துவ ஆய்வாளருக்கு முதல் தலையிடி பெயர்தான். தந்தை பெயர் ஒரு கட்டுரையில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுதாகவும் வந்தால், கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளம் ஒருவரை இருவராக்கிவிடலாம். ஒருவரிடம் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 20 மேற்கோள்கள் என்று வையுங்கள்: எச்-இன்டெக்ஸ் 20, அதாவது குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 20. அதே கணக்கு 10, 10 ஆகப் பிரிந்தால் இரு பக்கமும் 10தான் காட்டும். மேற்கோள் ஒன்றுகூடக் குறையவில்லை, மதிப்பு பாதியாகிறது!

ஆகவே முதல் கட்டுரைக்கு முன்பே ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஓர்சிட் எண்ணை எடுத்து, ஒரே பெயர் வடிவத்தில் எழுதுங்கள். பிரிந்துவிட்டால் ஸ்கோபஸில் இரு பக்கங்களையும் இணைக்கக் கோரலாம், கட்டணமில்லை.

கூகுளின் ஆய்வுத் தேடல் தளமான கூகுள் ஸ்கொலர் வேறு வகை. ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் எண்ணுவதால் அதன் தொகை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். பெயர் ஒத்தவரின் கட்டுரைகளும் தானாக வந்து சேரும். தானியங்கிச் சேர்க்கையை நிறுத்தி, ஒவ்வொன்றையும் பார்த்தே ஏற்க வேண்டும். விண்ணப்பத்தில் எண்ணோடு மூலத்தையும் எடுத்த திகதியையும் எழுதுங்கள்.

இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இன்டெக்ஸ், ஆசிரியர் வரிசையைப் பார்ப்பதில்லை. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தெழுதிய கட்டுரையும் முழுதாகவே எண்ணப்படும். முதலாசிரியராக எழுதியவற்றைத் தனியாகக் காட்டுவதே நேர்மை. சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் வந்த டெங்குக் கட்டுரையையும் மேற்கோள் குறைவென்று விட்டுவிடாதீர்கள்; இங்குள்ள வார்டு வைத்தியர்கள் அதை வாசிக்கக்கூடும்.