கடல்பாசிக்கு விதைத் தெப்பம் தனியாக வேண்டும்

மதுரைப் பக்கமிருந்து கடல்பாசி வளர்ப்பு பற்றி விசாரிக்கிறவர்களில் பலர் யூடியூபில் கொரியா, ஜப்பான் கெல்ப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கெல்ப் குளிர்நீர்ப் பாசி. அதன் நாற்றங்கால் தண்ணீரைச் சுமார் 10 டிகிரியில் வைப்பார்கள். பாக் விரிகுடா கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். இங்கே அது பிழைக்காது. ஆனால் கெல்ப் விவசாயி விதைக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையை நாம் எடுத்துக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அவர்கள் முற்றிய இலையில் கறுத்த திட்டாகத் தெரியும் வித்துப் பகுதியை வெட்டி, துடைத்து, ஓரிரவு குளிரில் உலரவைத்து, மறுநாள் கடல்நீரில் போடுவார்கள். வித்துகள் நீந்தி வெளியே வரும். அவற்றிலிருந்து முளைக்கும் நுண்ணிய ஆண், பெண் இழைகளைச் சிவப்பு விளக்கின் கீழ் வருடக்கணக்கில் கருத்தரிக்காமல் வைத்திருக்கலாம். வேண்டும்போது வெள்ளை வெளிச்சத்துக்கு மாற்றி, குழாயில் சுற்றிய நூலில் படியவிட்டால், சில வாரத்தில் மில்லிமீட்டர் அளவு நாற்று தயார். ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை.

நம் ராமநாதபுரம் கரையில் நடப்பது வேறு. இங்கே வணிகப் பயிர் கப்பாஃபைகஸ், ஊர்ப் பேச்சில் பெப்சி பாசி. 1980களில் ஜப்பானிலிருந்து கொஞ்சமாகக் கொண்டுவந்து குஜராத் கரையில் பழக்கி, பிறகு மண்டபத்துக்கு வந்தது. அன்றிலிருந்து ஒடித்து ஒடித்துக் கட்டுவதுதான், ஒடித்த துண்டுதான் விதை. பூர்வீகம் ஒரு கைப்பிடிச் செடி. வெயில் ஒன்றுக்கு ஆகாவிட்டால் எல்லாவற்றுக்குமே ஆகாது. 2013-14 வாக்கில் வெப்பம் கூடியபோது பாசி கூட்டமாக அழிந்து உற்பத்தி சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்றால் ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதை. 45 நாளில் நல்ல பருவத்தில் நான்கு மடங்கு, ஏறக்குறைய 240 கிலோ. அதில் 60 கிலோவை அடுத்த சுற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் காயப்போடுவது வழக்கம். தவறு இங்கேதான் நுழைகிறது. எடை நிற்கும் கொழுத்த கொத்துகள் காயப்போகும். கையில் மிஞ்சும் முற்றிய அடித்தண்டு விதையாகும். அடித்தண்டில் வளரும் நுனி குறைவு, ஒட்டுப்பாசி அதிகம்.

அதனால் விதைத் தெப்பத்தைத் தனியாக வையுங்கள். அதை 30 நாளில் வெட்ட வேண்டும். அதே வளர்ச்சி வேகத்தில் 60 கிலோ அப்போது 150 கிலோ ஆகியிருக்கும். பத்துத் தெப்பம் வைத்திருக்கும் ஒரு குழு இரண்டு விதைத் தெப்பம் விட்டால் 300 கிலோ. அவற்றுக்கே திரும்பக் கட்ட 120 போக 180 கிலோ, அதாவது மூன்று தெப்பத்துக்குப் புது விதை. மூன்று நான்கு சுற்றில் பத்தும் மாறிவிடும். இரண்டு தெப்ப வருமானம் போகிறதே என்று முதலில் வலிக்கும்.

விதைக்கு எடுப்பது கிளைத்த இளநுனி; கையால் பிய்க்காமல் கூரான கத்தியால் ஒரே வெட்டு. நசுங்கிய இடத்தில்தான் பாக்டீரியா முதலில் ஏறும். தண்டு நடுவில் வெளுத்துப் பஞ்சுபோல் இளகியிருந்தால் அந்தக் கொத்தையே ஒதுக்குங்கள், நல்ல பாதியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வெளுப்பு நோய்க்கு மூலம் பெரும்பாலும் அழுத்தம்: சூடு, மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைதல், ஓட்டமில்லாத நீர். கிருமி பின்னால் வருகிறது. கயிற்றில் மயிர்போலப் படரும் செந்நிற ஒட்டுப்பாசிக்கு வாரம் இரண்டு முறை தெப்பத்தை உலுக்குவது தவிர மலிவான மருந்து கிடையாது. அடியில் பழைய வலை கட்டாவிட்டால் ஓரா மீன் நுனிகளை மட்டும் தேர்ந்து மேய்ந்துவிடும். விதைத் தெப்பத்துக்கு அதைவிட நஷ்டம் வேறில்லை.

வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும், உப்பும் இறங்கும். நிழலான கரைத் தொட்டியிலோ, ஒதுங்கிய இடத்தில் குழாய் வலைப் பைகளில் சற்று ஆழ இறக்கியோ தாய்விதையைக் காக்கலாம். உப்புமானி ஒன்று கையில் இருக்கட்டும். உப்பு ஆயிரத்துக்கு 28 பங்குக்குக் கீழே இறங்கினால் பையை இன்னும் ஆழமாக்குங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் ஒதுக்கிவைக்கும் யோசனை மட்டும் கூடாது. குருசடைத் தீவின் பவளத்தில் இந்தப் பாசி படர்ந்த கதை தெரிந்ததுதான்.

மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திசு வளர்ப்பு நாற்றுகளை உருவாக்கியிருக்கிறது. நோயற்ற, துடிப்பான தொடக்கம் அதில் கிடைக்கும். ஆனாலும் அது அதே செடியின் நகல், புது ரகம் கிடையாது.

புது ரகம் வேண்டுமென்றால் நம் கஞ்சிப்பாசிக்கு (கிராசிலேரியா என்னும் செம்பாசி) வர வேண்டும். அதை வித்திலிருந்தே எழுப்பலாம். தண்டில் மருப்போலப் புடைத்த பெண் செடிகளைப் பலவற்றிலிருந்து பொறுக்குங்கள். ஒரு மருவிலிருந்து வரும் வித்தெல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வடிகட்டிய கடல்நீரில் தூரிகையால் கழுவி, ஈரத்துணி மேல் நிழலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு தட்டுத் தொட்டியின் அடியில் கயிறுகளைப் பரப்பி, மேலே வலைமீது செடிகளைக் கிடத்துங்கள். கெல்ப் வித்துக்கு வால் உண்டு, நீந்தும். செம்பாசி வித்துக்கு வால் இல்லை, விழுந்த இடத்தில்தான் ஒட்டும். ஆகவே முதல் நாள் காற்றுக்குழாய் போடாதீர்கள், தொட்டியைத் தட்டவும் வேண்டாம். மறுநாள் தாய்ச்செடியை எடுத்துவிட்டு, தண்ணீரை மெதுவாக மாற்றி, அதன்பின் மட்டும் லேசாகக் காற்று. கயிறு பழுப்பேறினால் டயாட்டம் என்னும் நுண்பாசி படிகிறது. துளியளவு ஜெர்மானியம் டை ஆக்சைடு அதை அடக்கும், அளவு மீறினால் நாற்றையும் பாதிக்கும்.

இப்படி வரும் முதல் தலைமுறையில் மரு இருக்காது. அது முற்றியபின் தண்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நான்காகப் பிரிந்த வித்துகள் தெரியும். பண்புகள் கலந்து பிரிவது இவற்றில்தான். வெப்பம் தாங்கும் செடியைத் தேட, இந்த வித்துகளைப் படியவிட்ட இரண்டாம் சுற்றுக் கயிறுகளைக் கோடையில் கடலில் விட்டு, மிஞ்சுவதை அடையாளக் குறியோடு தனியாகப் பெருக்க வேண்டும்.

விதையை வெளியூர் அனுப்பும்போது மண்டபத்திலிருந்து மதுரைக்கே சாலையில் மூன்று மணி நேரம். விடியுமுன் வெட்டி, கடல்நீர் வடியவிட்டு, கடல்நீரில் நனைத்த சாக்கில் தளர்வாகச் சுற்றித் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். காய்ந்துவிட்டதே என்று வழியில் குழாய்த் தண்ணீர் தெளித்தால் அந்தப் பெட்டி முழுவதும் வெளுத்துவிடும்; ஐஸ் வைப்பதானாலும் உருகும் நீர் பாசியைத் தொடாதபடி பாட்டிலில் அடைத்து மட்டுமே வைக்க வேண்டும்.