ஆயா வீட்டுப் பூனையும் என் மாடிக் கூண்டும்

என்னிடம் லவ் பேர்ட்ஸ் ஜோடி வாங்கிப் போகிறவர்கள் கொஞ்ச நாள் கழித்துப் போன் செய்தால், பெரும்பாலும் பூனை விஷயமாகத்தான் இருக்கும். "அண்ணா, பக்கத்து வீட்டுப் பூனை விடவே மாட்டேங்குது, என்னாண்ணா பண்றது?" கேட்கிற குரலிலேயே தெரிந்துவிடும், மனசுக்குள் எலி மருந்து வரைக்கும் போய்விட்டார்கள் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இனி இந்தப் பதிவை அனுப்பிவிடலாம்.

எங்கள் வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில், வீட்டோடு வீடு ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஒரு மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏறினால் போதும், தரையில் கால் படாமல் தெருமுனை வரை போய்விடலாம். பூனைக்கு இதைவிட நல்ல ரோடு கிடையாது. மொட்டை மாடி மூலையில் எட்டடிக்கு ஐந்தடியில் என் கூண்டு. ஒரு பாதியில் பட்ஜிகள் (ஊரே லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது இவற்றைத்தான்), மறு பாதியில் காக்டெயில்கள் (தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி).

"நாலு பக்கமும் தகரம் அடிச்சு மூடிடு, பூனை என்ன பண்ணும்?" என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. பூனை ஒன்றும் பண்ணாது, வெயில் பண்ணும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூரில் ஒரு செய்தியே இல்லை. சுற்றிலும் பாறை மலை வேறு. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் ஊர் மேல் விடும். பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்த பறவைதான், வெயில் அதற்குப் புதுசு இல்லை. ஆனால் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் தாங்காது. இறக்கையை உடம்போடு ஒட்டாமல் விலக்கி வைத்து, அலகைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் நமக்கு நேரம் குறைவு. அதனால் நம் ஊரில் மூன்று பக்கமாவது வலை இருந்தே ஆக வேண்டும். வலை இருந்தால் பூனை வந்து உட்காரும்.

பூனை கூண்டுக்குள் நுழைய வேண்டும் என்றே இல்லை, அதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. பட்ஜிகள் பல நேரம் வலையைப் பற்றிக்கொண்டே தூங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி வலையின் ஓட்டையில் பூனையின் பாதம் தாராளமாக நுழையும். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பறவைக்கு விரல் இருக்காது. சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் தடவி விட்டுவிடாதீர்கள். பூனையின் வாயில் பாஸ்சுரெல்லா என்கிற பாக்டீரியா இருக்கிறது. பூனை கடித்ததும் கீறியதும் சின்னப் பறவைக்கு ஓரிரு நாளில் உயிருக்கே வந்துவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய் ஆன்டிபயாடிக் கேளுங்கள்.

இன்னொன்று ராத்திரிப் பயம். கூரை மேல் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், காக்டெயிலில் ஒன்று அலறும், மீதி எல்லாம் இருட்டில் கண் தெரியாமல் பறந்து வலையில் மோதும். வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். அது உடைந்தால் கூண்டெல்லாம் ரத்தத் தெறிப்பு. கூடாக வைத்திருக்கும் பானையில் அடைகாக்கும் பட்ஜிப் பெட்டை பயந்து வெளியே வந்துவிட்டால், விடிகிற வரைக்கும் பானைவாய் எங்கே என்று அதற்குத் தெரியாது. பட்ஜி முட்டை பொரிய 18 நாள் ஆகும். ஒரு ராத்திரி ஆறிப்போனால் அந்த ஈடு போச்சு.

சரி, வைத்தியங்களுக்கு வருவோம். ஆரஞ்சுத் தோல் போடலாம் என்பார்கள். எங்கள் மாடியில் அது மத்தியானத்துக்குள் வற்றலாகிவிடும். நீலத் தண்ணீர் பாட்டில் கட்டினால் பூனை அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். மிளகாய்ப் பொடியின் காரம் பறவைக்குத் தெரியாது என்பது உண்மைதான், ஆனால் பூனை பாதத்தை நக்கும், கண்ணைத் துடைக்கும். அந்தப் பாவம் நமக்கு எதற்கு? அந்துருண்டை கூண்டுப் பக்கமே வரக் கூடாது, அதன் நெடி பறவைக்கும் விஷம். மருந்து வைப்பது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அதற்கப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பீர்கள்?

"சாக்குல கட்டி பாலாத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடு" என்றார் ஒரு நண்பர். பாலாற்றில் தண்ணீரா ஓடுகிறது? மணலில் நடந்தே திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும் அந்த இடத்துக்கு வேறொரு கடுவன் வந்து உட்காரும்.

எனக்கு வாய்த்த பூனை பக்கத்து வீட்டு ஆயாவுடையது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். முதலில் பேசப் போனபோது ஆயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"பூனைன்னா நாலு எடம் போவத்தான் செய்யும் நைனா. அத்த இன்னா கட்டியா போட முடியும்? உன் குருவிய நீ பாத்துக்கோ."

கோபம் வந்தது. ஆனால் ஆயா சொன்னதில் தப்பில்லை. அதைவிட, அடுத்து சொன்னதுதான் உறைத்தது: "உன் ஊட்டாண்ட எலி கீது, அதான் அது அங்கயே கெடக்குது."

மண்டித்தெருவில் மூட்டையாக வாங்கும் தினையில் பாதியைப் பட்ஜிகள் உமியோடு கீழே இறைக்கின்றன. அதற்கு எலி வருகிறது, எலிக்குப் பூனை வருகிறது. பூனை ராத்திரியில் கண் வைத்து உட்கார்ந்திருப்பது பல நேரம் என் கூண்டுக்கு அடியில்தான், மேலே இருக்கும் பறவை மேல் இல்லை. தட்டைச் சாயங்காலமே எடுத்துத் தட்டி, அடியைப் பெருக்கி, தினையை மூடி போட்ட டிரம்மில் வைக்கத் தொடங்கியதும் அதன் வரத்து நன்றாகக் குறைந்தது.

அப்புறம் வலை. அரை இஞ்ச் ஓட்டை உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) மட்டும் வாங்குங்கள். செலவு கூடத்தான். பெரிய எலி நுழையாது, பூனை இழுத்தால் பிரியாது. அதை இரண்டு அடுக்காக, சட்டத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று அடிக்க வேண்டும். நடுவில் நாலு விரல் இடைவெளி. வெளி வலையில் பூனை நகத்தை விட்டாலும் உள் வலையில் தொங்குகிற பறவையின் காலுக்கு எட்டாது. உட்காரும் கொம்புகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கட்டினேன். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. கூண்டுக் கதவைப் பூனை திறக்காது என்று நினைப்பவர்கள் ஆயாவின் பூனையை ஒருநாள் வந்து பார்க்கலாம். நான் தாழ்ப்பாள் போட்டு, அதில் ஒரு துணி கிளிப்பும் மாட்டிவைக்கிறேன்.

இதெல்லாம் முடித்த பிறகுதான் ஆயாவிடம் மறுபடி போனேன், இந்த முறை கேட்க இரண்டே விஷயம் இருந்தது. பூனை வேட்டைக்குக் கிளம்புவது பொழுது சாயும் நேரமும் விடிகிற நேரமும். மத்தியானம் வைக்கிற மீன் சோற்றை விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாற்ற முடியுமா? கழுத்தில் ஒரு மணி கட்டலாமா? சோற்றுக்கு உடனே சரி என்றார். மணிக்கு யோசித்தார். பிறகு பேத்தியின் பழைய கொலுசிலிருந்து பல்லால் ஒரு மணியைப் பிரித்து, இழுத்தால் கழன்றுவிடும்படி பழைய எலாஸ்டிக்கில் கோத்து அவரே கட்டிவிட்டார். மணி வந்ததில் பறவைகளைவிட எனக்குத்தான் லாபம். சத்தம் கேட்டால் எழுந்து போய் இரண்டு கை தண்ணீர் தெளிப்பேன், அவ்வளவுதான்.

போன பொங்கலுக்கு ஆயா மகள் வீட்டுக்குக் குடியாத்தம் போனபோது பூனையையும் கூடையில் வைத்துக் கொண்டுபோய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் எலி டிரம் மூடியின் ஓரத்தையே கடித்துவிட்டது. இன்னும் பத்து நாள் அவர் அங்கே இருந்திருந்தால் நானே போய் பூனையைக் கேட்டு வாங்கி வந்திருப்பேன்.

அடுத்த தெருக் கடுவன் ஒன்று மட்டும் பாக்கி. அதற்கு வீடு கிடையாது, மணி கட்டவும் ஆள் கிடையாது. மார்கழிக் குளிரில் கூண்டின் ஷீட் மேல் வந்து குதிக்கும். அதற்காகக் கூண்டுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியவிடுகிறேன். பறவைகள் பயந்து எழுந்தாலும் கொம்பு எங்கே, பானை எங்கே என்று பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒரு ஒயர் மேலே இழுத்திருக்கிறேன். வீட்டில் ஒரு ஃபேன் குறைந்ததற்கு மனைவி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.